மஸ்கடே: சாப்பாட்டோடு குடிக்கவேண்டிய வெள்ளை ஒயின் (புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி)

பிரெஞ்சு வெள்ளை ஒயினில் எதிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் மஸ்கடேயைத்தான் சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: அதைத் தனியாகக் குடித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். தனியாகக் குடித்தால் மெலிந்து, புளித்து, "இதில் என்ன இருக்கிறது?" என்றே தோன்றும். ஒரு தட்டு ஆய்ஸ்டர் சிப்பியோ வெண்ணெயில் வதக்கிய மீனோ பக்கத்தில் வந்துவிட்டால் அதே ஒயின் வேறாகிவிடும். விலை குறைவு, மதுச்செறிவு குறைவு, உணவோடு எப்படிச் சேர்கிறது என்பது முதல் மிடறிலேயே விளங்கிவிடும். ஒயினும் உணவும் சேரும் விதத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கிருந்து வருகிறது

பிரான்சின் மேற்குக் கோடியில் லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது நாந்த் நகரம். அதன் தென்கிழக்கே செவ்ர், மேன் என்ற இரண்டு சிற்றாறுகள் ஓடுகின்றன. நல்ல மஸ்கடேயில் பெரும்பகுதி இந்த ஆறுகளையொட்டிய மேடுகளில் விளைகிறது. வலே, கிளிசோன், கோர்ஜ், லெ பலே, சாந் ஃபியாக்ர் என்ற ஊர்ப்பெயர்களை நினைவில் வைத்திருங்கள். பாட்டிலில் மறுபடியும் பார்ப்பீர்கள்.

மஸ்கடே என்பது ஒயினின் பெயர். திராட்சையின் பெயர் மெலோன் தெ பூர்கோன்ய், அதாவது கிழக்குப் பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்த மெலோன். பினோ, கூவே பிளான் என்ற இரண்டு திராட்சை வகைகள் கலந்து பிறந்தது இது. புகழ்பெற்ற ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பெற்றோர் இவைதாம். ஆனாலும் பர்கண்டிக்காரர்கள் மெலோனை மதிக்கவில்லை, தங்கள் தோட்டங்களிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். நாந்த் பகுதி அதை ஏற்றுக்கொண்டதற்கு இரண்டு காரணங்கள். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் வடித்துப் பிராந்தியாக்குவதற்கு லேசான வெள்ளை ஒயினைத் தேடி நாந்த் துறைமுகத்துக்கு வந்தார்கள். அதனால் அங்கே வெள்ளைத் திராட்சை பரவியது. அடுத்து 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிர் வந்தது. பிரான்சு முழுக்க ஆறுகள் உறைந்தன, கொடிகள் பட்டுப்போயின. மறுபடி நட்டபோது, குளிரைத் தாங்கும் மெலோனுக்கு முன்னிடம் கிடைத்தது.

குளிரைத் தாங்குவது ஒன்று, வசந்தகால உறைபனியைத் தாங்குவது வேறொன்று. மெலோன் சீக்கிரமே துளிர்விடும். அதனால் ஏப்ரல் உறைபனி வந்தால் இளந்துளிர் கருகிவிடும். 1991லும் 2021லும் ஏப்ரல் மாதம் அந்தப் பகுதிக்குப் பெரும் இழப்பு. இத்தனை மலிவாக விற்கும் ஒயினில் ஓர் ஆண்டின் விளைச்சல் போய்விட்டால் விவசாயி எழுந்திருப்பது கடினம். கடையில் ஒன்றிரண்டு யூரோ கூடக் கொடுத்து நல்ல தோட்டத்துப் பாட்டிலை வாங்கச் சொல்வதற்கு இதுவும் எனக்கு ஒரு காரணம்.

முதல் படி: பாட்டிலைப் படிப்பது

கடையில் முதலில் ஒரு குழப்பத்தைத் தவிர்த்துவிடுங்கள். மஸ்கட், மொஸ்காட்டோ என்று எழுதியிருப்பவை வேறு திராட்சை, மல்லிகை மணம் வீசுபவை, பெரும்பாலும் இனிப்பானவை. மஸ்கடேயில் இனிப்பே இருக்காது.

அடுத்து மூன்று சொற்களைத் தேடுங்கள்.

"செவ்ர் எ மேன்" என்பது மேலே சொன்ன இரண்டு ஆறுகளின் பகுதி. 1936இலேயே இதற்குச் சட்டப்படியான பெயருரிமை கிடைத்தது. வெறும் "மஸ்கடே" என்று மட்டும் எழுதிய பாட்டிலைவிட இது நம்பகமானது. லுவார் கரைச் சரிவுகளுக்கும், கிராந்லியே ஏரிப் பக்கத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கண்ணில் பட்டால் வாங்கலாம், தேடி அலைய வேண்டாம்.

"சுர் லீ" என்பது மிக முக்கியமானது. வண்டலின் மேல் என்று பொருள். திராட்சைச் சாறு நொதித்து முடிந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் படியும். மற்றப் பல இடங்களில் ஒயினை அந்த வண்டலிலிருந்து வடித்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். நாந்தில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க ஒயின் தன் வண்டலின்மேலேயே அசையாமல் கிடந்து, வசந்தத்தில் நேரே பாட்டிலுக்குப் போகிறது. அங்கே மரப்பீப்பாயைவிடத் தரைக்கடியில் புதைத்த, உட்புறம் கண்ணாடி ஓடு பதித்த சிமெண்டுத் தொட்டிகளே அதிகம். வெயிலும் குளிரும் எட்டாத இடம்.

இதனால் என்ன ஆகிறது? செத்த ஈஸ்ட் செல்கள் மெதுவாகக் கரைந்து ஒயினுக்கு ஒரு கொழுமையைத் தருகின்றன. புளிப்பின் கூர்முனை கொஞ்சம் மழுங்குகிறது. புதிதாய்ச் சுட்ட ரொட்டியின் மெல்லிய வாசம் வருகிறது. வடிக்காமல் விட்டதால் நொதித்தபோது உண்டான கரியமில வாயுவில் கொஞ்சம் ஒயினிலேயே தங்கிவிடுகிறது. முதல் மிடறில் நாக்கின் நுனியில் லேசாகச் சுருக்கென்று படுவது அதுதான். கெட்டுப்போன அறிகுறி என்று பலர் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டாம்.

மூன்றாவதாக, ஒயினை அந்தத் தோட்டத்திலேயே பாட்டிலில் அடைத்தார்களா என்று பாருங்கள். "தொமேன்" அல்லது "ஷாத்தோ" என்ற சொல்லோடு, அங்கேயே அடைத்ததாக ஒரு வரி இருக்கும். பெரிய வணிக நிறுவனங்கள் பல தோட்டத்து ஒயினைக் கலந்து விற்பதும் உண்டு. குடிக்கலாம், ஆனால் மண்ணின் குணம் அதில் அவ்வளவாகத் தெரியாது.

தோட்டங்களின் பெயர் வேண்டுமென்றால் தொமேன் தெ லா பெப்பியேர், லுனோ பாபேன், லாந்த்ரோன், தொமேன் தெ லெக்கூ ஆகியவை நல்ல கைகள். லெக்கூ தோட்டம் நைஸ், கிரானைட் என்று பாறையின் பெயரிலேயே தனித்தனி பாட்டில் போட்டது. லாந்த்ரோனின் ஒரு பாட்டிலுக்குப் பெயரே ஆம்ஃபிபோலைட், அதுவும் ஒரு பாறை. இந்த நிலம் பழம்பாறைகளால் ஆனது. சுண்ணாம்பு மண்ணில் விளையும் மற்றப் புகழ்பெற்ற வெள்ளை ஒயின்களிலிருந்து மஸ்கடே வேறுபடுவது இங்கேதான்.

முதல் பாட்டிலுக்குப் பிரான்சுக் கடையில் பத்து யூரோவுக்குள் போதும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைந்த செவ்ர் எ மேன் சுர் லீ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: குளிர்விப்பது, திறப்பது

எட்டு முதல் பத்து டிகிரி சரியான குளிர். குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அவசரமென்றால் ஒரு வாளியில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். இருபது நிமிடம் போதும். தண்ணீர் இல்லாத வெறும் பனிக்கட்டி பாட்டிலைச் சரியாகத் தொடாது, குளிர மெதுவாகும். உறைபெட்டியில் வைத்துவிட்டு மறந்துபோனால் பாட்டில் வெடிக்கும், கவனம்.

பல்லைக் கூசவைக்கும் குளிரில் குடிக்காதீர்கள். அந்தக் குளிரில் மணமே எழாது. இந்த ஒயினுக்கு மணம் ஏற்கெனவே குறைவு. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், கடற்காற்றில் வரும் உப்பு வாசம், ஈரக்கல் என்ற நான்கும் மெல்லிய குரலில் பேசுபவை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால் அவை தங்குவதற்கு இடமிருக்கும்.

கிளாஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வாய் கொஞ்சம் குறுகிய சாதாரண ஒயின் கிளாஸ் போதும்.

மூன்றாம் படி: நாக்குக்கு ஒரு பாடம்

சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு தட்டில் நான்கு பொருள்களை எடுத்து வையுங்கள்: கொஞ்சம் கல்லுப்பு, எலுமிச்சைத் துண்டு, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு சிட்டிகை சர்க்கரை.

முதலில் ஒயினை மட்டும் ஒரு மிடறு குடியுங்கள். புளிப்பை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ஓர் உப்புக்கல்லை நாக்கில் வைத்துக் கரையவிட்டு மறுபடி குடியுங்கள். புளிப்பு தணிந்து, அதுவரை ஒளிந்திருந்த பழச்சுவை மேலே வரும். கடலுணவோடு மஸ்கடே ஏன் சேர்கிறது என்பதன் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. கடலிலிருந்து வரும் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது.

எலுமிச்சையை லேசாக நக்கிவிட்டுக் குடியுங்கள். ஒயினின் புளிப்பு காணாமல்போய் அது சப்பென்று ஆகிவிடும். உணவில் ஒயினைவிட அதிகப் புளிப்பு இருந்தால் ஒயின் தோற்கும் என்பது எல்லா ஒயினுக்கும் பொருந்தும் விதி.

வெண்ணெய் ரொட்டிக்குப் பிறகு குடித்தால், வாயில் படிந்த கொழுப்பைப் புளிப்பு வழித்துக்கொண்டு போவது தெரியும். வாய் மறுபடி சுத்தமாகி அடுத்த கவளத்தைக் கேட்கும். இதுதான் மறுபாதிப் பதில்.

கடைசியாகச் சர்க்கரை. அதற்குப் பிறகு மஸ்கடே எலுமிச்சைச் சாறு மாதிரிக் கடிக்கும். இனிப்புப் பண்டத்தோடு இந்த ஒயினை ஒருபோதும் வைக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நான்காம் படி: ஆய்ஸ்டர்

நாந்துக்கு அருகே பூர்ன்ஃப் விரிகுடா, வடக்கே பிரிட்டனிக் கரை, தெற்கே வாந்தேயும் ஒலெரோன் தீவும் எல்லாமே ஆய்ஸ்டர் வளர்க்கும் இடங்கள். ஒரே காற்றில் வளர்ந்த சிப்பியும் கொடியும் ஒரே மேசையில் சந்திக்கின்றன.

பிரான்சில் இரண்டு வகை கிடைக்கும். குழிந்த ஓடுடைய "க்ரேஸ்" வகை பசிபிக்கிலிருந்து வந்த இனம், எங்கும் கிடைப்பது. தட்டையான "பிளாத்" வகை ஐரோப்பாவுக்கே உரியது, விலை அதிகம், சுவையில் செம்பும் கொட்டைப்பருப்பும் கலந்தாற்போல் இருக்கும். தொடங்குபவருக்குக் குழிந்ததே நல்லது. அளவு எண்ணில் ஒரு தலைகீழ் கணக்கு உண்டு: எண் பெரிதானால் சிப்பி சிறிது. முதன்முறை சாப்பிடுபவர் 3 அல்லது 4ஆம் எண்ணைக் கேளுங்கள். தலைக்கு ஆறு போதும்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். கோடையில் அவை இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, உள்ளே பால்போலக் கொழகொழவென்று ஆகிவிடும். கெடுதல் இல்லை, ஆனால் பலருக்குப் பிடிக்காது.

திறப்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். நீங்களே செய்வதென்றால் குட்டையான ஆய்ஸ்டர் கத்தி ஒன்றும், கையைச் சுற்றிக்கொள்ளத் தடித்த துணி ஒன்றும் வேண்டும். குழிந்த பக்கம் கீழே இருக்க, கூரான கீல்முனை உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வலப்பக்கத்தில், கீலிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இரண்டு ஓடுகளையும் பிடித்துவைத்திருக்கும் தசை இருக்கிறது. அங்கே கத்திமுனையை நுழைத்து, மேலோட்டை ஒட்டியபடி அந்தத் தசையை அறுத்தால் ஓடு தானே தளரும். பலத்தைக் காட்டாதீர்கள், கை கிழிவது பலத்தால்தான். உள்ளே இருக்கும் முதல் நீரைக் கொட்டிவிடுங்கள். சில நிமிடத்தில் சிப்பி தன்னிடமுள்ள நீரை மறுபடி விடும், அது இன்னும் தெளிவாகவும் சுவையாகவும் இருக்கும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஓரத்தைக் கத்திமுனையால் தொடுங்கள்; சுருங்கினால் நல்லது. வாசம் கடலைப் போல் இருக்க வேண்டும். வேறெந்த வாசம் வந்தாலும் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயுள்ளவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. அவர்களுக்கு நன்றாக வெந்த மற்றக் கடலுணவு இருக்கிறது. கர்ப்பிணிகள் ஒயினையும் தொடக்கூடாது.

இனி மேசைக்கு. பக்கத்தில் ரை என்னும் தானியத்தில் செய்த கருநிற ரொட்டியும் உப்பு வெண்ணெயும் வையுங்கள். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிச் சிவப்பு ஒயின் வினிகரில் போட்ட சாறு பிரெஞ்சு மேசையில் எப்போதும் இருக்கும். என் கருத்து வேறு: மஸ்கடே குடிக்கும் நாளில் அந்த வினிகர் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். மூன்றாம் படியில் எலுமிச்சை என்ன செய்தது என்று பார்த்தீர்கள் அல்லவா? சிப்பிக்கு வேண்டிய எலுமிச்சை கிளாஸிலேயே இருக்கிறது. சிப்பியை வாயில் போட்டு இரண்டு மூன்று முறை மெல்லுங்கள், அப்படியே விழுங்க வேண்டாம். அதன் இனிப்பு மெல்லும்போதுதான் வரும். விழுங்கியதும் ஒரு மிடறு.

சிவப்பு ஒயினோடு மீன் ஏன் சேர்வதில்லை என்றும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஸ்காலப் சிப்பி இறைச்சியைப் பல ஒயின்களோடு சோதித்தபோது, ஒயினில் கரைந்துள்ள இரும்பு கூடக்கூட வாயில் மீன்கவிச்சை கூடுவதைக் கண்டார்கள். சிவப்பு ஒயின்களில் இரும்பு அதிகமாக இருப்பது வழக்கம். "மீனுக்கு வெள்ளை" என்ற பழைய சொல்லுக்குப் பின்னால் உண்மை இருக்கிறது.

ஐந்தாம் படி: அடுப்பில் செய்யும் இரண்டு

பச்சைச் சிப்பி பிடிக்காதவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

மஸல் சிப்பி, வெள்ளை ஒயினில். கருநீல ஓடுடைய இந்தச் சிப்பியைப் பிரான்சில் கடலுக்குள் நட்ட மரக்கம்பங்களில் வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்ததை "பூஷோ" என்பார்கள். சிறிதாக, மணலின்றி, சதைப்பற்றோடு இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு கிலோ. கழுவி, ஓட்டிலிருந்து தொங்கும் நாரைப் பிடுங்கிவிடுங்கள். திறந்து கிடப்பதைத் தட்டிப் பார்த்து, மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் வெண்ணெய் உருக்கி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, ஒரு கிளாஸ் மஸ்கடே ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். சிப்பியைக் கொட்டி, மூடி, தீயை முழுதும் ஏற்றி, இடையில் ஒருமுறை குலுக்கினால் நாலைந்து நிமிடத்தில் எல்லாம் வாய் திறந்திருக்கும். திறக்காததைச் சாப்பிட வேண்டாம். பார்ஸ்லி தூவுங்கள். உப்பு போடாதீர்கள், சிப்பியே கொண்டுவரும். அடியில் நிற்கும் சாற்றில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவதற்காகவே இதைச் செய்யலாம்.

இரண்டாவது, பேர் பிளான் என்னும் வெள்ளை வெண்ணெய்ச் சாறு. நாந்தின் பெருமை இது. நகருக்குக் கிழக்கே லுவார் கரையில், சாந் ஜூலியான் தெ கோன்செல் ஊரின் லா ஷெபுவெத் என்னுமிடத்தில் உணவகம் நடத்திய கிளெமான்ஸ் லெஃபேவ்ர் என்ற சமையற்காரப் பெண்மணியின் கைவண்ணம் என்று சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில், பெயார்னேஸ் என்னும் முட்டை வெண்ணெய்ச் சாறு செய்யப் போய் முட்டை மஞ்சளைச் சேர்க்க விட்டுப்போனதில் பிறந்தது என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, ஆற்று மீனான பைக்கோடு அது சேர்ந்ததும் அந்த ஊரின் அடையாளமானது.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். நான்கு சின்ன வெங்காயத்தை எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்குங்கள். 100 மில்லி மஸ்கடேயும் 50 மில்லி வெள்ளை வினிகரும் ஊற்றி, அடியில் ஒரு மேசைக்கரண்டி சாறு மட்டும் நிற்கும்வரை மெதுவாக வற்றவிடுங்கள். பிறகு தீயை மிகக் குறைத்து, குளிர்ந்த வெண்ணெய் 200 கிராமைச் சிறு கட்டிகளாக்கி, ஒன்று கரைந்த பிறகு ஒன்றாகப் போட்டு விடாமல் அடியுங்கள். கெட்டியான வெளிர்மஞ்சள் சாறு வரும். கொதித்துவிட்டால் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். பாத்திரத்தை அடிக்கடி அடுப்பிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆவியில் வெந்த, முள் குறைந்த வெள்ளை மீன் எதன்மேலும் ஊற்றலாம்.

இந்தத் தட்டுக்கு மஸ்கடே ஊற்றினால், சாற்றிலும் கிளாஸிலும் ஒரே ஒயின். வெண்ணெயின் கனத்தை ஒயின் தூக்கிவிட, ஒயினின் மெலிவை வெண்ணெய் நிரப்பும். நாந்த்காரர்கள் கண்டுபிடித்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

வேறு எவற்றோடு

வெறும் உப்புநீரில் வெந்து, குளிர்ந்த பிறகு வரும் லாங்குஸ்தீன் (சிறு லாப்ஸ்டர் வகை), இறால், நண்டு ஆகியவற்றோடு நன்றாகப் போகும். சுட்ட மத்திக்கு இன்னும் நன்றாகப் போகும். அந்தக் கரையில் லா துர்பாலில் மத்தி இறங்குகிறது, பக்கத்திலேயே கெராந்த் உப்பளங்கள். எண்ணெய்ப்பசையுள்ள மீனுக்குப் புளிப்பான ஒயின் எவ்வளவு பொருத்தம் என்று மத்தி காட்டும். பொரித்த கணவாய், பொடி மீன் வறுவல் எல்லாம் அதே வரிசை.

கடலை விட்டு வெளியே வந்தால் ஆட்டுப்பால் சீஸ். நாந்துக்கே உரிய குரே நாந்தே என்ற பசும்பால் சீஸ் உண்டு, போர்னிக் ஊரில் செய்கிறார்கள், மணம் பலமானது. அதன் தோலை மஸ்கடேயால் கழுவிப் பதப்படுத்திய வகையும் கிடைக்கிறது. பலமான மணமுள்ள சீஸ் பிடித்தவர்கள் மட்டும் அதற்குப் போகலாம். மாட்டிறைச்சி, நீலப்பூஞ்சை சீஸ், கெட்டியான தக்காளிச் சாறு ஆகியவை வேண்டாம்.

நம் வீட்டுச் சமையலோடு சேருமா என்ற கேள்வி வரும். மிளகாயோடு சண்டை போடாது. மதுச்செறிவு 12 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதாலும், துவர்ப்பு இல்லாததாலும் எரிச்சலை அதிகமாக்காது. ஆனால் புளிக்குழம்பின் புளிப்பு இதைவிடக் கூடுதல், மசாலா மணம் இதைவிடப் பல மடங்கு. ஒயின் இருந்த இடம் தெரியாது. உப்பும் கொஞ்சம் மிளகும் மட்டும் போட்டுப் பொரித்த மீன், தேங்காய்ப்பாலில் வெந்த காரமில்லாத சொதி என்றால் வைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: ஊர்ப்பெயர் பாட்டிலுக்குப் போவது

சுர் லீ பழகிய பிறகு, ஓர் ஊரின் பெயர் பெரிதாக எழுதிய பாட்டில் ஒன்று வாங்குங்கள். 2011இல் கிளிசோன், கோர்ஜ், லெ பலே ஆகிய மூன்றும் முதலில் இந்த உரிமையைப் பெற்றன. பின்னர் வேறு ஊர்களும் சேர்ந்தன. இவை வண்டலின்மேல் கிடப்பது ஒரு குளிர்காலம் அல்ல, ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு, சில தோட்டங்களில் அதற்கும் மேலே. விதிப்படி இவற்றில் "சுர் லீ" என்று எழுத முடியாது, ஏனென்றால் அந்தச் சொல்லுக்குரிய கால எல்லையைத் தாண்டித்தான் இவை பாட்டிலுக்கு வருகின்றன. அந்தச் சொல்லைக் காணோமே என்று திருப்பி வைத்துவிடாதீர்கள்.

கிளிசோன் கிரானைட் நிலம். ஒயின் பருத்து, பழுத்த மஞ்சள் பழ வாசத்தோடு இருக்கும். கோர்ஜ் கப்ரோ என்னும் கரும்பாறை நிலம். இறுக்கமாக, புகை படிந்த கல்லின் வாசத்தோடு, மெதுவாகத் திறக்கும். இரண்டையும் ஒரே மேசையில் அடுத்தடுத்து ஊற்றிப் பார்த்தால், மெலோனுக்குச் சொந்தக் குணமில்லை என்று சொல்பவர்களை நீங்கள் பிறகு நம்பமாட்டீர்கள். இவற்றைப் பன்னிரண்டு டிகிரியில், கொஞ்சம் அகன்ற கிளாஸில் ஊற்றுங்கள். உணவும் ஒரு படி ஏறலாம்: பேர் பிளானோடு பைக், வெண்ணெயில் சிவக்க வதக்கிய ஸ்காலப் சிப்பி, க்ரீமில் வெந்த கோழி.

பத்து ஆண்டு பழைய நல்ல கிளிசோன் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மஸ்கடேயை வாங்கிய ஆண்டிலேயே குடித்து முடிக்கவேண்டும் என்ற பேச்சு சாதாரணப் பாட்டில்களுக்குத்தான் பொருந்தும்.

மிச்சம் இருந்தால்

திறந்த பாட்டிலைக் கார்க்கால் மூடிக் குளிர்பெட்டியில் நிறுத்தி வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நாக்கில் பட்ட அந்தச் சுருக்கு மறுநாள் போய்விடும், மற்றது இருக்கும். கால் பாட்டில் மிஞ்சினால் அதுதான் மறுநாள் மஸல் சிப்பிக்கு.

மஸ்கடே கைவந்த பிறகு அதே வழியில் மேலே போகலாம். அண்டையிலேயே விளையும் க்ரோ பிளான் இன்னும் புளிப்பானது, உறுதியான நாக்குக்கு மட்டும். ஷாப்லி, பழங்காலச் சிப்பி ஓடுகள் புதைந்த சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்டனே. விலை ஏறும், கனமும் ஏறும். தெற்கே மத்தியதரைக் கரையில் தோ உப்பேரிச் சிப்பிகளுக்குப் பக்கத்துணை பிக்பூல் தெ பினே என்ற வெள்ளை ஒயின். போர்தோ பக்கம் ஆர்க்காஷோன் விரிகுடாவில் ஆந்த்ர் தே மேர் வெள்ளை ஒயினோடு குளிர்ந்த ஆய்ஸ்டரும், அதற்கு இடையிடையே கடிக்கச் சூடான சிறு இறைச்சித் தொத்திறைச்சியும் வைப்பார்கள். உப்பும் குளிரும் ஒரு பக்கம், கொழுப்பும் சூடும் மறுபக்கம், நடுவில் ஒயின். மஸ்கடேயோடும் அதை அப்படியே செய்து பார்க்கலாம்.